ஃபேரும் செலவும்

பஸ் டிக்கெட், ரயில் டிக்கெட், ஆட்டோ மீட்டர், விமானத்துக்குப் பதிவு செய்யும் ஆப் என்று எங்கே பார்த்தாலும் கண்ணில் படுகிற ஆங்கிலச் சொல் ஃபேர். மினிமம் ஃபேர், ஹாஃப் ஃபேர், பேஸ் ஃபேர். அர்த்தம் கேட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லிவிடும், பயணக் கட்டணம் என்று. ஆனால் அதே சொல் ஒரு ஓட்டலின் மெனுவில் வந்தால் சாப்பாடு என்று பொருள். லண்டனில் டாக்சி ஓட்டுகிறவர் சொன்னால் வண்டியில் ஏறிய ஆள். கல்லூரியில் கடைசி வருஷம் நடத்துகிற ஃபேர்வெல்லில் அது இருக்கிறது, தொழிற்சாலை வெல்ஃபேர் ஆபீசரின் பதவிப் பெயரில் இருக்கிறது, போரைக் குறிக்கும் வார்ஃபேரிலும் இருக்கிறது. காசு, சோறு, ஆள், பிரிவு, நலம், போர். இவை எல்லாவற்றுக்கும் ஒரே சொல் எப்படிப் பொருந்தும்? ரொம்ப நாளாக மனதில் கிடந்த கேள்வி இது. தேடிப் படித்தபோது கிடைத்த விடை எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது, எழுதாமல் இருக்க முடியவில்லை. அது மட்டுமில்லாமல், கதை கடைசியில் நம் வீட்டுக் கணக்கு நோட்டு வரைக்கும் வந்து சேர்கிறது.

முதலில் மூலம். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் ஃபாரன் என்று ஒரு வினைச்சொல் இருந்தது. போவது, பயணம் செய்வது என்று பொருள். அதிலிருந்து பிறந்த பெயர்ச்சொற்கள் பயணத்தையும், போகிற வழியையும், சேர்ந்து போகிற கூட்டத்தையும், அவர்கள் தூக்கிக்கொண்டு போகிற மூட்டை முடிச்சையும் குறித்தன. பணம் என்ற எண்ணத்துக்கே அதில் இடமில்லை. நடந்து போனாலும் ஃபாரன்தான், குதிரையில் போனாலும் கப்பலில் போனாலும் ஃபாரன்தான்.

அப்புறம் 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள், பிரெஞ்சுச் சொற்கள் கூட்டம் கூட்டமாக உள்ளே வந்தன. பயணத்துக்கு இன்று ஆங்கிலேயர்கள் சாதாரணமாகச் சொல்லும் இரண்டு சொற்களும் அப்படி வந்தவைதான். ஜர்னி என்பது ஒரு பகல் பொழுதில் கடக்கிற தூரம், நாள் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. டிராவல் இருக்கிறதே, அது இன்னும் பாவம்: கடும் உழைப்பு, வேதனை என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல். அதற்கும் பின்னால் போனால், மூன்று கழிகளால் ஆன ஒரு சித்திரவதைக் கருவியின் லத்தீன் பெயரில் போய் நிற்கிறது. அந்தக் காலத்தில் ஊர் விட்டு ஊர் போவது எவ்வளவு பெரிய அவஸ்தையாக இருந்திருக்கும் என்பதற்கு இந்த ஒரு சொல் போதும். இப்படி வந்தேறிய சொற்கள் வீட்டின் நடுக்கூடத்தைப் பிடித்துக்கொள்ள, பூர்வீகச் சொல்லான ஃபேர் மெல்ல மெல்லத் தாழ்வாரத்துக்குத் தள்ளப்பட்டது. போவது என்ற தன் சொந்தப் பொருளில் அது இன்று தனியாக அநேகமாக வழங்குவதில்லை. ஒட்டுச் சொற்களில் மட்டும் அந்தப் பொருள் உயிரோடு இருக்கிறது.

அந்த ஒட்டுச் சொற்களைப் பிரித்துப் பார்ப்பதில் ஒரு தனி சந்தோஷம் உண்டு. ஃபேர்வெல் என்றால் நல்லபடியாகப் போ. யாராவது ஊருக்குக் கிளம்பினால் நம் வீட்டுப் பெரியவர்கள் "பத்திரமாப் போய்ட்டு வா" என்பார்களே, அந்த இடத்தில் நிற்கிற சொல்தான் அது. அதே இரண்டு துண்டுகளையும் இடம் மாற்றி ஒட்டினால் வெல்ஃபேர். நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கும் நிலை, அதாவது நலம். "பொழப்பு எப்படிப் போகுது?" என்று நாம் கேட்கும்போது யாரும் எங்கேயும் நடந்து போவதில்லை, ஆனாலும் போகுது என்றுதான் சொல்கிறோம். அந்தப் போக்குதான் வெல்ஃபேரில் உள்ள ஃபேர். தரோஃபேர் என்றால் இந்தப் பக்கம் புகுந்து அந்தப் பக்கம் போகிற வழி. நம் ஊரில் தனியார் இடத்து வாசலில் "இது பொது வழி அல்ல" என்று பலகை மாட்டியிருப்பார்கள், அதையே ஆங்கிலத்தில் எழுத வேண்டுமானால் இந்தச் சொல்தான் வரும். வார்ஃபேர் என்பது போருக்குப் போவது, படையெடுத்துக் கிளம்புவது. வேஃபேரர் வழிப்போக்கர். நம் சொல்லில் உள்ள போக்கர் அப்படியே அங்கே ஃபேரராக இருக்கிறார்.

ஆங்கிலத்தில் தாழ்வாரத்துக்குப் போன இந்தச் சொல் அதன் உறவு மொழிகளில் இன்றும் முழு பலத்தோடு இருக்கிறது. ஜெர்மனில் ஃபாரென் என்றால் வண்டியில் போவது, வண்டி ஓட்டுவது. தினமும் நூறு தடவை வாயில் வருகிற சொல். டச்சுக்காரர்கள் ஃபாரென் என்று சொன்னால் அது கப்பலில், படகில் போவது. கடலோடு வாழ்கிற ஜனங்கள், பயணம் என்றாலே அவர்களுக்குத் தண்ணீர்தான். ஐஸ்லாந்து மொழியில் ஃபாரா என்றால் சும்மா போவது.

ஜெர்மன் சொற்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். அவர்களுடைய மொழியில் அனுபவத்துக்கு எர்ஃபாருங் என்று பெயர். அதன் உள்ளே இருப்பதும் இதே போவதுதான்: ஒரு இடத்தைப் போய்ப் பார்த்துக் கடந்து தெரிந்துகொண்டது எதுவோ அது அனுபவம். தோழனுக்கு கெஃபேர்ட்டெ என்று ஒரு சொல் உண்டு, கூடவே பயணம் வருகிறவன். ஃபெர்ட்டிக் என்றால் தயார், முடிந்தது. அது முதலில் பயணத்துக்குக் கிளம்பத் தயாராக இருப்பது என்றுதான் இருந்தது. நலத்துக்கு வோல்ஃபார்ட், ஆங்கிலத்தின் வெல்ஃபேருக்குக் கூடப்பிறந்தது. டிக்கெட் எடுக்காமல் போவதற்கு அவர்கள் சொல்வது கறுப்பாகப் போவது, ஷ்வார்ட்ஸ்ஃபாரென். நம் ஊரில் இதற்கு வித்தவுட் என்று பெயர், ஆங்கிலத்தில் வித்தவுட் டிக்கெட் என்று நீளமாக இருந்ததில் டிக்கெட்டை வெட்டிவிட்டு "வித்தவுட்ல வந்தான்" என்று சொல்கிறோம்.

வெட்டுவது என்றதும் நினைவுக்கு வருகிறது, பணம் இந்தச் சொல்லுக்குள் எப்படி வந்தது என்பதற்கான திறவுகோலும் இங்கேதான் இருக்கிறது. பயணக் கட்டணத்துக்கு ஜெர்மன்காரர்கள் ஃபார்கெல்ட் என்பார்கள், அல்லது ஃபார்ப்ரைஸ். முதல் பாதி போவது, பின்பாதி பணம் அல்லது விலை. ஐஸ்லாந்து மொழியில் ஃபார்கியால்ட், அங்கேயும் போவது கூட்டல் கட்டணம். நாம் பயணக் கட்டணம் என்று சொல்வதும் அதே அமைப்புதான். ஆங்கிலத்தில் மட்டும் பின்பாதியே இல்லை. போவது என்று மட்டும் சொல்லிவிட்டு அதற்கான பணம் என்று புரிந்துகொள்கிறார்கள். 15ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்துப் பக்கம் இந்தச் சொல் ஏற்றிக்கொண்டு போவதையும் குறிக்கத் தொடங்கியது. ஏற்றிப் போவது என்று ஆன பிறகு அதற்குக் கொடுக்கிற காசையும் அதே பெயரில் அழைக்க ரொம்ப நாள் ஆகவில்லை. 16ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் அந்தப் பொருள் எழுத்தில் வந்துவிடுகிறது.

அந்தக் காலத்து லண்டனை மனதில் கொண்டுவந்தால் ஏன் என்று புரியும். தேம்ஸ் நதிக்குக் குறுக்கே நகரத்தில் ஒரே ஒரு பாலம்தான் இருந்தது, லண்டன் பாலம். நதியில் இன்னும் மேலே பட்னியில் அடுத்த பாலம் கட்டப்பட்டது 1729இல், வெஸ்ட்மின்ஸ்டர் பாலம் திறக்கப்பட்டது 1750இல். அதுவரைக்கும் அக்கரைக்குப் போக வேண்டுமானால் பெரும்பாலும் படகு. நதியோரமாக ஊருக்குள்ளேயே ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடம் போவதற்கும் தெருவில் சேற்றில் மிதித்துக்கொண்டு போவதைவிடப் படகு வசதி. வாட்டர்மென் என்று அழைக்கப்பட்ட ஆயிரக்கணக்கான படகோட்டிகள் துடுப்பு வலித்துப் பிழைத்தார்கள். அவர்கள் இஷ்டத்துக்குக் காசு கேட்கிறார்கள் என்ற புகார் அப்போதே இருந்தது. எட்டாம் ஹென்றி காலத்தில், 1514இல், அவர்கள் வாங்கக்கூடிய கட்டணத்தை ஒழுங்குபடுத்தவே பாராளுமன்றம் சட்டம் போட்டது. மீட்டருக்கு மேல் கேட்கிற சண்டைக்கு ஐந்நூறு வருஷம் வயது என்று சொல்லலாம். 1555இல் இன்னொரு சட்டம் படகோட்டிகளுக்கு என்று ஒரு சங்கத்தையே ஏற்படுத்தியது, அது இன்றும் இருக்கிறது. ஃபேர் என்ற சொல்லில் பணம் ஏறிய காலமும் படகுக் கூலிக்குச் சட்டம் வந்த காலமும் ஒன்றாக இருப்பது எனக்கு ஆச்சரியமாக இல்லை. நாள்தோறும் பேரம் பேசப்படுகிற பொருளுக்கு நீளமான பெயர் தாங்காது.

அதே நூற்றாண்டில் ஃபேர் படகில் ஏறுகிற ஆளையும் குறிக்க ஆரம்பித்தது. இதற்கு விளக்கமே வேண்டாம், நம் ஆட்டோ ஸ்டாண்டில் போய் நின்றால் போதும். "காலையிலேர்ந்து ஒரு சவாரிகூட இல்லை" என்றால் சவாரி என்பது பயணம். "சவாரியை எக்மோர்ல இறக்கிட்டு வரேன்" என்றால் சவாரி என்பது ஆள். "நல்ல சவாரி" என்றால் அதில் காசும் சேர்ந்துவிட்டது. வண்டி ஓட்டிப் பிழைக்கிறவருக்கு ஆளும் தூரமும் காசும் தனித்தனி இல்லை, ஒன்றாகவே வந்து ஏறுகின்றன, ஒன்றாகவே இறங்கிப் போகின்றன. பாரசீகத்திலிருந்து வந்த சவாரியும் பழைய ஆங்கில ஃபேரும் ஒரே தொழில்காரர்கள் வாயில் ஒரே மாதிரி வளைந்திருக்கின்றன.

சரி, சாப்பாடு எங்கிருந்து வந்தது? இதற்கு வழி, பொழப்பு எப்படிப் போகுது என்ற கேள்வியில் இருக்கிறது. நன்றாகப் போகிறது என்றால் நன்றாகச் சாப்பிடுகிறார் என்று அர்த்தம். எப்படிப் போகிறது என்பது எப்படிக் கவனிக்கப்படுகிறார், என்ன போடப்படுகிறது என்றாகி, கடைசியில் போடப்பட்ட சோறே ஃபேர் ஆகிவிட்டது. பணப் பொருளைவிட இது பழசு, 1200ஐ ஒட்டியே இது இருக்கிறது. ஓட்டல் மெனுவுக்கு பில் ஆஃப் ஃபேர் என்று 17ஆம் நூற்றாண்டில் பெயர் வைத்தார்கள். அதைப் பார்த்துக் கட்டணப் பட்டியல் என்று மொழிபெயர்த்தால் தப்பாகிவிடும், உணவுப் பட்டியல் அது.

இந்த இரண்டு பொருளையும் ஒன்றோடொன்று மோதவிட்டு ஷேக்ஸ்பியர் ஒரு விளையாட்டு விளையாடியிருக்கிறார். ஹாம்லெட் நாடகம், மூன்றாம் அங்கம், இரண்டாம் காட்சி. தந்தையைக் கொன்று அரியணை ஏறிய சித்தப்பா கிளாடியஸ் சபைக்கு வந்து, நம் ஹாம்லெட் எப்படி ஃபேர் செய்கிறான் என்று விசாரிக்கிறான். எப்படி இருக்கிறாய் என்று கேட்பதாகத்தான் அவன் நினைப்பு. ஹாம்லெட் அதைச் சாப்பாட்டுக் கேள்வியாக எடுத்துக்கொள்கிறான். பிரமாதம், பச்சோந்தியின் சாப்பாடுதான் எனக்கு, வாக்குறுதிகளை அடைத்த காற்றைத் தின்கிறேன் என்கிறான். பச்சோந்தி காற்றை மட்டுமே உண்டு வாழும் என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள். வெறும் வாக்குறுதியால் என்னை ஏமாற்றுகிறாய் என்று முகத்துக்கு நேராகச் சொல்லியாயிற்று, ஆனால் வெளியே பார்த்தால் பைத்தியக்காரப் பேச்சு. ஒரே ஒரு சொல்லின் இரண்டு பொருளில் இதைச் செய்திருக்கிறார். உரை இல்லாமல் படிக்கிறவர்களுக்கு எப்படி இருக்கிறாய் என்றால் ஏன் சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிறான் என்று புரியவே புரியாது. ஃபேரின் கதை தெரிந்தால் அந்த வரி பளிச்சென்று திறந்துகொள்ளும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். குளோப் நாடக அரங்கு தேம்ஸின் தென்கரையில் இருந்தது, நகரம் வடகரையில். நாடகம் பார்க்க வந்தவர்களில் பலர் படகோட்டிக்கு ஃபேர் கொடுத்து நதியைக் கடந்து வந்தவர்கள்தான். படகோட்டிகளின் வருமானத்தில் நாடகக் கூட்டத்துக்குப் பெரிய பங்கு இருந்தது, அரங்குகளை வடகரைக்கு மாற்றிவிடாதீர்கள் என்று அரசனுக்கு விண்ணப்பம் போட்டார்கள். அதற்காக முன்னால் நின்றவர் ஜான் டெய்லர், படகும் ஓட்டினார், கவிதையும் எழுதினார்.

இன்னும் ஆழமாகப் போனால் என்ன இருக்கிறது? ஃபாரனின் வேர், இந்தோ ஐரோப்பிய மொழிகளின் பொது மூதாதையில் பெர் என்று அறிஞர்கள் குறிக்கும் ஒரு வேர். கடத்தல், குறுக்கே போதல், அக்கரை சேர்த்தல் என்று அதன் பொருள். ப எப்படி ஃப ஆனது என்றால், ஜெர்மானியக் கிளை மொழிகளில் அது ஒரு பொது விதி. 1822இல் யாக்கோப் கிரிம் அதை ஒழுங்காக எடுத்துக் காட்டினார், ஆமாம், தம்பியோடு சேர்ந்து நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த அதே கிரிம். லத்தீனில் பாட்டர், ஆங்கிலத்தில் ஃபாதர். லத்தீனில் பிஸ்கிஸ், ஆங்கிலத்தில் ஃபிஷ். அதே கணக்கில் லத்தீனில் போர்ட்டா, போர்ட்டுஸ், அதாவது வாசல், துறைமுகம். ஆங்கிலத்தில் ஃபேர். ஆக ஏர்போர்ட்டில் உள்ள போர்ட்டும் ஏர்ஃபேரில் உள்ள ஃபேரும் தூரத்துப் பங்காளிகள். ஒன்று லத்தீன் வீட்டில் வளர்ந்தது, மற்றது ஜெர்மானிய வீட்டில். டிரான்ஸ்போர்ட்டும் அந்த லத்தீன் பக்கம்தான். அக்கரைக்குக் கொண்டுபோகும் ஃபெர்ரிப் படகு ஃபேருக்கு இன்னும் நெருங்கிய சொந்தம். ஆற்றில் இறங்கிக் கடக்கும் துறைக்கு ஆங்கிலத்தில் உள்ள ஃபோர்ட் என்ற சொல்லும் இந்தக் குடும்பம்தான் (கோட்டையைச் சொல்லும் ஃபோர்ட் வேறு). ஆக்ஸ்ஃபோர்ட் என்றால் மாடுகள் கடக்கும் துறை. ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் என்றால் ஃபிராங்குகள் கடந்த துறை. சமஸ்கிருதத்தில் இந்த வேர் பார என்று வரும், அக்கரை என்று பொருள். கடலுக்குப் பாராவாரம் என்று பழைய நூல்களில் படித்திருப்போம், அக்கரையும் இக்கரையும் உடையது. ஒரு கலையைக் கரைகண்டவரைப் பாரங்கதர் என்பதும் அதிலிருந்துதான்.

நடுவில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் தமிழில் எழுதும்போது எல்லாமே ஃபேர் ஆகிவிடுகிறது. புக் ஃபேர், டிரேட் ஃபேர் என்பதில் உள்ளது வேறு சொல், திருவிழா நாளைக் குறிக்கும் லத்தீன் ஃபேரியாவிலிருந்து வந்தது. நியாயம், அழகு, வெளுப்பு என்ற பொருளில் வரும் ஃபேர் இன்னொன்று, அது பழைய ஆங்கிலத்துச் சொல்தான், ஆனால் பயணத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஒலி ஒன்றாக இருப்பதை வைத்து 1981இல் லண்டன் மாநகர மன்றம் தன் திட்டத்துக்கு ஃபேர்ஸ் ஃபேர் என்று பெயர் வைத்தது, கட்டணம் நியாயம். கென் லிவிங்ஸ்டன் தலைமையில் லேபர் கட்சி அந்த வருஷம் மே மாதம் மன்றத்தைக் கைப்பற்றியது. அக்டோபரில் பஸ், சுரங்க ரயில் கட்டணத்தைச் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைத்தார்கள், குறைந்த வருமானத்தை ஈடுகட்ட வீட்டுவரியில் கூடுதல் வரி போட்டார்கள். லண்டனின் ஓரத்தில் உள்ள பிராம்லி பகுதி நிர்வாகம், எங்கள் பகுதியில் சுரங்க ரயில் நிலையமே கிடையாது, நாங்கள் எதற்கு வரி கட்ட வேண்டும் என்று வழக்குப் போட்டது. டிசம்பரில், அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, இந்தத் திட்டம் சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. 1969ஆம் வருஷத்துச் சட்டத்தில் போக்குவரத்து எக்கனாமிக்காக நடத்தப்பட வேண்டும் என்று ஒரு சொல் இருந்தது. அந்த ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்பதில் வழக்கின் பெரும்பகுதி தொங்கியது. அடுத்த மார்ச்சில் கட்டணம் ஏறக்குறைய இரட்டிப்பானது. 1983இல் மறுபடி கொஞ்சம் குறைத்தார்கள். நான் லிவிங்ஸ்டன் பக்கம்தான். வெல்ஃபேருக்குள்ளேயே ஃபேர் இருக்கிறது, ஜனங்கள் வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போக முடிவதை அவர்கள் நலத்திலிருந்து தனியாகப் பிரித்து லாப நஷ்டக் கணக்கு எழுதுவதில் எனக்குச் சம்மதமில்லை.

இப்போது நான் முதலில் சொன்ன கணக்கு நோட்டுக்கு வருகிறேன். வரவு, செலவு என்று இரண்டு பத்தி போட்டு எழுதுவோமே, அந்தச் செலவு என்ற சொல்லை ஒரு நிமிஷம் பாருங்கள். செல் என்ற வினையிலிருந்து வந்தது அது. செல்வது செலவு. சங்க காலத்தில் அதற்குப் பயணம் என்றுதான் பொருள், காசு தீர்வது என்று இல்லை. புறநானூற்றின் 30ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் "செஞ்ஞாயிற்றுச் செலவும்" என்று தொடங்குகிறார். சிவந்த சூரியன் வானத்தில் போகிற போக்கு. தலைவன் பொருள் தேடிப் பாலை வழியில் கிளம்புவது செலவு. கிளம்ப வேண்டியவன் தலைவியின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தயங்கி நின்றால் அது செலவழுங்குதல். தொல்காப்பியக் கற்பியலில் "செலவிடை அழுங்கல் செல்லாமை அன்றே" என்று ஒரு சூத்திரமே இருக்கிறது. அவன் நின்றுவிட்டான் என்றால் போகவே மாட்டான் என்று அர்த்தமில்லை, அவளைத் தேற்றிவிட்டுப் போவதற்காக நிற்கிறான். இன்றைக்குச் செலவழுங்குதல் என்று ஒருவரிடம் சொன்னால் காசு செலவாகிவிட்டதே என்று வருந்துவது என்றுதான் எடுத்துக்கொள்வார். பொருள் தேடிப் போவதற்கு இருந்த சொல், பொருள் கையை விட்டுப் போவதற்கு ஆகிவிட்டது.

ஃபேர் நடந்த அதே தடத்தில் செலவும் நடந்திருக்கிறது பாருங்கள். பயணம் என்று தொடங்கி, பணத்தில் வந்து நிற்கிறது. ஒன்றுக்கொன்று எந்தத் தொடர்பும் இல்லாத இரண்டு மொழிகள், யாரும் யாரையும் பார்த்துச் செய்யவில்லை. வித்தியாசமும் உண்டு. ஆங்கிலத்தில் ஆள் போகிறார், அவர் போவதற்கான காசுக்கு அந்தப் பெயர் வந்தது. தமிழில் பணமே கிளம்பிப் போகிறது என்று நினைத்திருக்கிறார்கள். துணைக்கு வரவும் சேர்ந்துகொண்டது: வருவது வரவு, போவது செலவு. பழைய பொருளில் வரவு இன்னும் உயிரோடு இருக்கிறது, ஊர் எல்லையில் வளைவு கட்டி நல்வரவு என்று எழுதியிருக்கிறார்கள், நல்ல வருகை என்றுதான் அதற்கு அர்த்தம், நல்ல வருமானம் என்று யாரும் படிப்பதில்லை. செலவுக்குத்தான் அந்த பாக்கியம் இல்லை. நல்செலவு என்று யாரும் எழுதுவதில்லை, எழுதியிருந்தால் அதுதான் ஃபேர்வெல்லுக்கு எழுத்துக்கு எழுத்து சரியான தமிழாக இருந்திருக்கும்.

வழிச்செலவு என்ற சொல்லில் இரண்டு காலமும் சந்திக்கின்றன. வழிச்செலவுக்குப் பணம் கொடுத்தனுப்பினார் என்றால் இன்றைக்குப் பயணத்துக்கு ஆகும் காசு என்று புரிந்துகொள்கிறோம். பழங்காலத்து ஆள் ஒருவர் அதே சொல்லைக் கேட்டால் வழியில் செல்வது என்று எடுத்துக்கொள்வார். இரண்டு பேரும் பயணத்தைத்தான் நினைப்பார்கள், ஒருவர் மட்டும் பையைத் தொட்டுப் பார்ப்பார்.

சாப்பாடு? அதுவும் இருக்கிறது. கொங்குப் பக்கம் மிளகு, சீரகம், மல்லி மாதிரி அரைத்துப் போடுகிற சாமான்களைச் செலவு என்றே சொல்வார்கள். சளி பிடித்தால் வைத்துக் கொடுக்கிற செலவு ரசம் அங்கே பிரசித்தம். செலவு சாமான் வாங்கி வா என்றால் மளிகைக் கடைக்குப் போக வேண்டும். ஆங்கிலத்தில் போக்கிலிருந்து நேராகச் சாப்பாடு வந்தது. இங்கே காசு செலவழித்து வாங்குவது என்ற வழியாகச் சமையலறைக்குள் வந்திருக்கும் என்று எனக்குப் படுகிறது. வழி வேறாக இருந்தாலும் பயணம், காசு, சாப்பாடு என்று மூன்று வீட்டிலும் இரண்டு சொற்களும் கால் வைத்திருக்கின்றன. இதைக் கவனித்த அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது, பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பயணத்துக்குக் கொடுக்கிற காசுக்கு மட்டும் என்று தமிழில் வேறு சொற்கள் புழங்கின. தெற்கே மாட்டுவண்டிக்குக் கொடுப்பதை வண்டிச்சத்தம் என்பார்கள். இப்போது பெரியவர்கள் வாயில் மட்டும்தான் அதைக் கேட்க முடிகிறது, அதற்குள் யாராவது அந்தந்த ஊரில் கேட்டு எழுதி வைத்தால் நல்லது. பஸ் வந்த பிறகு பஸ் சார்ஜ், டிக்கெட் காசு. அலுவலகத் தமிழில் கட்டணம். படகுக்கும் வண்டிக்கும் பொதுவாக இருந்தது கூலி. இந்தக் கூலி எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு, விவிலியத்தில் யோனாவின் கதை. கடவுள் நினிவேக்குப் போகச் சொல்கிறார், யோனா அதற்கு நேர் எதிராகத் தர்ஷீசுக்குக் கப்பல் ஏறுகிறான். 1611இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பில் அவன் கப்பலுக்குரிய ஃபேரைக் கொடுத்தான் என்று இருக்கிறது. பணப் பொருளில் ஃபேர் அதற்குள் வேதப் புத்தகத்தில் ஏறும் அளவுக்கு நிலைபெற்றுவிட்டது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அதே இடத்தில் "கூலி கொடுத்து" என்று வருகிறது. எபிரேய மூலத்தில் உள்ள சொல்லுக்கும் கூலி, சம்பளம் என்றே பொருள், அதுவும் கப்பலின் கூலி என்று இருக்கிறது. ஆளின் கூலி என்று இல்லாமல் கப்பலின் கூலி என்று ஏன் இருக்கிறது என்று யூத ரபிகள் கேட்டார்கள். ஒரு ஆளுக்கான காசு அல்ல, சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்ற அவசரத்தில் யோனா முழுக் கப்பலுக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டான் என்று அவர்கள் விளக்கம் சொல்லியிருக்கிறார்கள்.